கொண்டைக் கள்ளி: டர்பன் வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு மண் சட்டியில் கொண்டைக் கள்ளி இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதே இடம். முதல் தடவை வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள், விரலை நீட்டுவார்கள், முள்ளைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொள்வார்கள். அப்புறம் "இது என்ன, மூளையா?" என்பார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துத் தெரிந்தவர்களும், காவடி சமயத்தில் கோயிலில் சந்திப்பவர்களும், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிடும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. நிறையச் செடிகளைச் சாகடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கொண்டைக் கள்ளி என்று தனியாக ஓர் இனம் இருக்கிறதா?

இல்லை. எந்தக் கள்ளிக்கும் கொண்டை வரலாம். சாதாரணக் கள்ளியின் உச்சியில் வளர்ச்சி நடக்கும் இடம் ஒரு சின்னப் புள்ளி. அதிலிருந்துதான் தண்டு உருளையாக மேலே போகிறது. ஏதோ காரணத்தால் அந்தப் புள்ளி அகன்று ஒரு கோடாகிவிட்டால், செடி மேலே போகாமல் விசிறி மாதிரி பக்கவாட்டில் விரியும். விளிம்பு நீண்டுகொண்டே போகும், ஆனால் அடியில் இடம் அவ்வளவேதான். நீளமான புடவையைச் சின்ன இடுப்பில் செருக வேண்டுமானால் என்ன செய்வோம்? கொசுவம் வைப்போம். செடியும் அதையேதான் செய்கிறது.

நம் வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் கோழிக்கொண்டைப் பூவும் இதே சங்கதிதான். ஒரே வித்தியாசம், கோழிக்கொண்டையில் இந்தக் குணம் விதை வழியாக அடுத்த தலைமுறைக்கு வரும். கள்ளியில் பெரும்பாலும் வராது.

என்னிடம் இருப்பது மாமில்லேரியா எலாங்கேட்டா. மெக்சிகோவின் இதால்கோ, கெரெத்தாரோ மாநிலங்களைச் சேர்ந்தது. இயல்பான செடி விரல் விரலாகக் கூட்டமாக நிற்கும். மஞ்சள் முள், சில வகையில் செம்பழுப்பு முள். கொண்டை விழுந்தால் அந்த விரல்களெல்லாம் போய், சுருண்ட குடல் மாதிரியோ மூளை மாதிரியோ ஒரே மேடாகக் கிடக்கும். மற்றபடி கடைகளில் அதிகம் பார்ப்பது மிர்ட்டிலோகாக்டஸ் கொண்டை. நீலச்சாம்பல் நிறம், முதலை முதுகு போல முரடாக இருக்கும். வெள்ளை முடி போர்த்திய எஸ்போஸ்டோவா கொண்டையும் எப்போதாவது கண்ணில் படும். அது கிடைத்தால் விடாதீர்கள்.

இது நோயா? பக்கத்துச் செடிக்குத் தொற்றுமா?

நோய் என்று சொல்ல முடியாது. வளர்புள்ளியில் அடிபடுவது, பூச்சி கடிப்பது, உறைபனி, பாக்டீரியா, மரபணு மாற்றம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட செடியைக் காட்டி இதற்கு இதுதான் காரணம் என்று சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நிற்கும் ராட்சதச் சாகுவாரோ கள்ளிகளில் பத்தாயிரத்தில் ஒன்று இப்படிக் கொண்டை போடும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

என் சட்டிக்கு ஒட்டியே சாதாரண மாமில்லேரியா இரண்டு இருக்கின்றன. இத்தனை வருடத்தில் இரண்டும் விரலாகவேதான் இருக்கின்றன. பயப்படாமல் பக்கத்தில் வைக்கலாம்.

கடையில் "பவளக் கள்ளி" என்று ஒன்று வாங்கினேன். மேலே விசிறி, கீழே பச்சைத் தண்டு. அதுவும் இதுதானா?

அது கள்ளிதான், ஆனால் காக்டஸ் இல்லை. நம் தமிழில் இரண்டுக்கும் கள்ளி என்றே பேர் வைத்துவிட்டதால் வரும் குழப்பம் இது. சப்பாத்திக்கள்ளி காக்டஸ் குடும்பம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூஃபோர்பியா குடும்பம். திருகுகள்ளியின் அறிவியல் பெயரே யூஃபோர்பியா திருக்கள்ளிதான். 1753இல் லின்னேயஸ் பேர் வைத்தபோது மலபார் பக்கத்துப் பேரை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தச் செடி இங்கே குவாசுலு-நட்டாலிலும் இயற்கையாகவே வளர்கிறது. நம் முன்னோர்கள் 1860இல் டர்பனில் கப்பலைவிட்டு இறங்கும்போது, ஊரில் வேலியாக நின்ற அதே செடி இங்கேயும் நின்றிருக்கிறது.

நீங்கள் வாங்கியது இரண்டு செடிகளின் ஒட்டு. மேலே இருக்கும் நெளிந்த விசிறி யூஃபோர்பியா லாக்டியா என்னும் செடியின் கொண்டை வடிவம். கீழே இருக்கும் தண்டு நம் இலைக்கள்ளி. பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பால் விஷயத்தில் கவனம் வேண்டும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டும்போது கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண் என்றால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போய்விடுங்கள், "பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள்.

எது காக்டஸ், எது யூஃபோர்பியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"வெட்டினால் பால் வந்தால் யூஃபோர்பியா" என்பார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம், சில மாமில்லேரியாக்களிலும் பால் உண்டு. முள் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். காக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாக வரும். யூஃபோர்பியாவில் அந்தத் திட்டு கிடையாது. முள் தோலிலிருந்து நேராக, பல வகைகளில் ஜோடி ஜோடியாக வரும்.

ஆப்பிரிக்கக் காட்டுக்கே சொந்தமான காக்டஸ் ஒன்றே ஒன்றுதான்: ரிப்சாலிஸ். முள் இல்லாமல் நூல் நூலாக மரத்திலிருந்து தொங்கும். நட்டால் கரையோரக் காடுகளிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. மற்ற காக்டஸ் எல்லாமே கப்பலேறி வந்தவை, நம்மைப் போல.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் மேலே இருக்கும் கொண்டையைப் பார்த்து மயங்குகிறார்கள். நான் சட்டியைத் தூக்கி அடியைப் பார்ப்பேன். துளை இருக்கிறதா? வேர் தெரிகிறதா, அதில் வெள்ளை மாவு ஒட்டியிருக்கிறதா? அப்புறம் செடி மண்ணைத் தொடும் இடத்தை ஒரு குச்சியால் லேசாக அழுத்துவேன். கெட்டியாக இருந்தால் சரி. அமுங்கினால், பழுப்பாக இருந்தால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். ஆனால் எல்லாப் பழுப்பும் அழுகல் இல்லை. வயதான செடியின் அடி மரப்பட்டை மாதிரி பழுப்பாகும், அது கெட்டியாக இருக்கும். விரலுக்குத் தெரிந்துவிடும்.

கொண்டையின் மடிப்புகளுக்குள்ளும் பாருங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்க்கலாம். மாவுப்பூச்சி குடித்தனம் நடத்துவது அங்கேதான்.

இன்னொன்று. சில கடைகளில் கள்ளியின் தலையில் காய்ந்த பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்கிறார்கள். என் தங்கை மகள் அப்படி ஒன்றை வாங்கிவந்து, மூன்று மாதமாகப் பூ வாடவே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் கிள்ளிப் பார்த்தேன், பூ பசையோடு கையில் வந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பதும் உண்டு. அதை உடைத்து எடுத்தால்தான் மண்ணுக்குக் காற்று போகும்.

எந்த இடத்தில் வைப்பது? "தெற்கு ஜன்னலில் வை" என்று படித்தேன்.

அது வடக்கு அரைக்கோளத்துக்காரர்கள் எழுதியது. நமக்குச் சூரியன் வடக்குப் பக்கம். டர்பனில் தெற்கு ஜன்னலில் வைத்தால் குளிர்காலம் முழுக்க நேர்வெயிலே படாது, கொண்டை வெளிறிக் குச்சி குச்சியாக நீளும்.

வடக்கு பார்த்த வராந்தா இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. டிசம்பர் நண்பகலில் இங்கே சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே, 83 டிகிரி உயரத்தில் நிற்கும். கூரை நிழல் செடியைக் காப்பாற்றிவிடும். ஜூனில் 37 டிகிரிக்கு இறங்கிவிடும். வெயில் சாய்ந்து வராந்தாவுக்குள் வந்து, செடிக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு விழும். வீடு கட்டியவர் கள்ளிக்காகக் கட்டவில்லை, ஆனால் கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. கூரை மழையையும் தடுக்கும். அது வெயிலைவிட முக்கியம்.

நிழலில் இருந்த செடியைத் திடீரென்று முழு வெயிலில் வைக்காதீர்கள். வெந்த இடம் வெளுத்துத் தக்கை மாதிரி ஆகிவிடும், திரும்பப் பச்சையாகாது. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்காலம் முடியும் நேரத்தில் ஒரே நாளில் 30 டிகிரியைத் தாண்டும், காற்று உலைவாய் மாதிரி சுடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கேயும் பொருந்துகிற மாதிரி, லேசான பிளாஸ்டிக் சட்டிகளெல்லாம் உருண்டு போகும். கனமான மண் சட்டிக்கு இதுவும் ஒரு காரணம்.

என்ன மண் போடுவது?

தண்ணீர் ஊற்றினால் சில நொடிகளில் அடித்துளை வழியே வெளியே வர வேண்டும். அதுதான் சோதனை. நான் போடுவது: ஒரு பங்கு சலித்த மக்கு உரம், ஒரு பங்கு கழுவிய பருமனான ஆற்று மணல், ஒரு பங்கு பெர்லைட் (நர்சரிகளில் கிடைக்கும் லேசான வெள்ளைக் கல்) அல்லது 5, 6 மில்லிமீட்டர் பொடி ஜல்லி. கடற்கரை மணலை அள்ளிவராதீர்கள். உப்பு இருக்கிறது, மாவு மாதிரி பொடியாகவும் இருக்கிறது. நம் குன்றுகளின் சிவப்பு மண்ணும் வேண்டாம். காய்ந்தால் செங்கல், நனைந்தால் களி.

சட்டி ஆழமாக இருக்க வேண்டியதில்லை. கொண்டை அகலமாகப் போகும், வேர் மேலோட்டமாகத்தான் ஓடும். பழைய தயிர்ச் சட்டியின் அடியில் துளை போட்டுக்கொண்டாலே போதும். செடியை நட்டபின் அதன் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்கு ஜல்லி பரப்புங்கள். கொண்டையின் வயிறு ஈர மண்ணில் படாமல் ஜல்லியில் உட்கார வேண்டும்.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அதிகம் செடி சாவதும் இதில்தான்.

நாள் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மரக்குச்சியை மண்ணில் அடிவரைக்கும் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் தண்ணீர் வேண்டாம். முழுக்கக் காய்ந்திருந்தால் நன்றாக ஊற்றுங்கள், தெளிக்காதீர்கள். கோடையில் எனக்கு இது 10 முதல் 14 நாளுக்கு ஒரு தடவை வருகிறது. தொடர்ந்து மழைபெய்து காற்றே நசநசவென்று இருக்கும் வாரங்களில் மூன்று வாரம்கூடப் போகும்.

காலம் எப்போது மாறுகிறது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. புரட்டாசி விரதம் தொடங்கும்போது தண்ணீரும் தொடங்கும். ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழா முடிந்து மவுண்ட் எட்ஜ்கோம்பிலிருந்து வீட்டுக்கு வந்தால், குறைக்க ஆரம்பிக்கலாம். மே முதல் ஆகஸ்ட் வரை மாதம் ஒரு தடவை, அதுவும் வெயில் இருக்கும் காலையில், கொஞ்சமாக. தமிழ்நாட்டு நாள்காட்டியை மனதில் வைத்திருப்பவர்கள் இங்கே தலைகீழாக எண்ண வேண்டும். மார்கழி நமக்குக் குளிர் இல்லை, தை கொதிக்கும் கோடை, ஆடிதான் குளிர்காலம்.

அடுத்தது, கொண்டையின் தலையில் ஊற்றாதீர்கள். மடிப்புகளில் தண்ணீர் தேங்கும். டர்பன் ஈரக்காற்றில் அது இரண்டு நாள் காயாது, அங்கேதான் அழுகல் பிடிக்கும். நீண்ட மூக்குள்ள குவளையால் சட்டியின் ஓரமாக மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். இல்லையென்றால் சட்டியைத் தண்ணீர்த் தட்டில் கால் மணிநேரம் வைத்து எடுங்கள்.

கொண்டை சுருங்கினால் தாகம் என்று அர்த்தமா?

குளிர்காலத்தில் லேசாகச் சுருங்குவது இயல்பு. கோடையில் சுருங்கினால் மண்ணைச் சோதியுங்கள். காய்ந்திருந்தால் தாகம், ஊற்றினால் ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி சுருங்கினால் வேர் அழுகிவிட்டது, இன்னும் ஊற்றினால் முடிந்தது கதை. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பாசத்தில் இன்னொரு குவளை ஊற்றிவிடுகிறோம்.

அழுக ஆரம்பித்த செடியைக் காப்பாற்ற முடியுமா?

சீக்கிரம் கண்டுபிடித்தால் முடியும். 2022 ஏப்ரலில் டர்பன் வெள்ளம் வந்தபோது வராந்தாவிலும் சாரல் அடித்து, சட்டிகள் நாள் கணக்கில் நனைந்தே இருந்தன. நானூறு பேருக்கு மேல் இறந்த வாரம் அது. மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, சட்டிச் செடியைப் பற்றி யார் நினைப்பார்? மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கொண்டையின் இடதுபக்கம் தேன்நிறமாக, கண்ணாடி மாதிரி இருந்தது. விரல் வைத்தேன், உள்ளே போனது.

அன்றைக்குச் செய்தது இதுதான். செடியைப் பிடுங்கி மண்ணை உதறினேன். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகல் தெரிந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நல்ல பகுதியில் வெட்டினேன். வெட்டிய முகத்தில் இன்னும் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. கத்தியைத் துடைத்து மறுபடி வெட்டினேன். நாலாவது வெட்டில்தான் முகம் முழுக்கச் சுத்தமான பச்சை வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்காவிட்டால் அழுகலை நாமே நல்ல சதைக்குள் கொண்டுபோய் விடுவோம். மிச்சம் ஒரு கைப்பிடி அளவு. காயத்தில் இலவங்கப்பட்டைப் பொடி தூவி, செய்தித்தாள் மேல் நிழலில் மூன்று வாரம் போட்டுவைத்தேன். குளிர்காலம் வந்துகொண்டிருந்ததால் வேர் பிடிக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது. இப்போது வராந்தாவில் இருப்பது அந்தக் கைப்பிடித் துண்டு வளர்ந்ததுதான்.

கொண்டைக்கு நடுவில் சாதாரண விரல்கள் முளைக்கின்றன. வளரட்டும் என்று விடலாமா?

கூடாது. மாமில்லேரியா எலாங்கேட்டாவில் இது சகஜம். கொண்டையின் ஒரு மூலையில் செடிக்குப் பழைய ஞாபகம் வந்து, கோடு மறுபடி புள்ளியாகி, இயல்பான விரல் ஒன்று கிளம்பும். அது கொண்டையைவிட வேகமாக வளரும், சத்தை இழுத்துக்கொள்ளும். விட்டுவைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் விரல்கள் நடுவே கொண்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கால் அங்குலம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நான் பழைய சமையல் கத்தியின் முனையால் அடியோடு நெம்பி எடுப்பேன். காய்ந்த நாளில், தண்ணீர் ஊற்றி ஒரு வாரமாவது ஆன பிறகு. எடுத்த விரலைத் தூக்கி எறிய வேண்டாம், தனியாக வைத்தால் நல்ல சாதாரணச் செடி வரும். இரண்டு உருவமும் சேர்ந்து இருப்பதுதான் அழகு என்று சொல்கிறவர்களும் உண்டு. அவரவர் ரசனை. எனக்கு அது தலைவாராத பிள்ளை மாதிரி தெரிகிறது.

மடிப்புக்குள் வெள்ளையாகப் பஞ்சு இருக்கிறது. என்ன செய்வது?

மாவுப்பூச்சி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் இயர்பட்டை நனைத்துத் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஒரு தடவையில் போகாது, முட்டை பொரிந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு தடவை, நாலு வாரம் செய்யுங்கள். ஸ்பிரிட் தொட்ட நாளில் செடியை வெயிலில் வைக்காதீர்கள். செடி காரணமில்லாமல் தேங்கிப் போயிருந்தால் சட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், வேர் மாவுப்பூச்சி என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு மண்ணை முழுக்கக் கழுவி, வேரைக் காயவிட்டு, புது மண்ணில் நடுவதுதான் வழி.

சப்பாத்திக்கள்ளியில் பார்க்கும் வெள்ளைப் பஞ்சு வேறு. அதை நசுக்கினால் இரத்தச் சிவப்பாக வரும். அது கோச்சினீல் பூச்சி. சாயம் எடுக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்து சேர்ந்தது சாயத்துக்கு உதவாத வேறு வகை, ஆனால் அது தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளிக் காடுகளைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துத்தான் 1913இல் அதே வகைப் பூச்சியைத் தென்னாப்பிரிக்காவிலும் கள்ளியை அழிக்க விட்டார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவும் முறை இந்த நாட்டில் தொடங்கியதே அதிலிருந்துதான்.

துண்டு போட்டு வளர்ப்பது எப்படி?

அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் செய்யுங்கள். கொண்டையின் விளிம்பும் சேர்ந்து வருகிற மாதிரி நாலைந்து சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். வளர்ச்சி நடப்பது விளிம்பில்தான். விளிம்பு இல்லாத துண்டு வேர் பிடித்தாலும் சாதாரண விரல்களைத்தான் போடும். நிழலில் பத்து முதல் பதினாலு நாள் காயவிடுங்கள். வெட்டிய இடம் தோல் மூடிக் கெட்டியான பிறகு காய்ந்த மண்கலவைமேல் உட்கார வையுங்கள், புதைக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து லேசாக ஈரம் காட்டுங்கள். நாலிலிருந்து ஆறு வாரத்தில் வேர் வரும். இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள்.

ஒட்டுக்கட்டலாமா? எந்தச் செடிமேல்?

ஒட்டினால் கொண்டை வேகமாக வளரும், மண்ணிலிருந்து உயரத்தில் இருப்பதால் அழுகலும் குறையும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அடிச்செடி விஷயத்தில் சட்டம் குறுக்கே வரும். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் பல அடிச்செடிகள் இங்கே ஆக்கிரமிப்புத் தாவரங்கள். அந்நிய, ஆக்கிரமிப்பு இனங்கள் ஒழுங்குவிதிகளின்படி 1பி வகையில் இருப்பதை விற்கவோ நடவோ பெருக்கவோ கூடாது. செரியஸ் ஜமகாரு அந்தப் பட்டியலில் இருக்கிறது. டர்பன் காடுகளில் மரங்களைப் போர்த்தி மூடும் பெரெஸ்கியா கொடியும் இருக்கிறது. நானே ஒரு தடவை வேலியில் இருந்த பெரெஸ்கியாவை இலவச அடிச்செடி என்று நினைத்து நறுக்கிவந்து, பிறகு தெரிந்துகொண்டு எரித்தேன்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டு திரண்ட ஒரு கள்ளி, சிலிண்ட்ரோபண்டியா ஃபுல்கிடா வகை, பழைய வீடுகளில் அலங்காரமாக நிற்கும். பார்க்கக் கொண்டைக் கள்ளிக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதுவும் 1பி. உடைந்து விழும் ஒவ்வொரு துண்டும் வேர் பிடிக்கும், ஆடுமாடு காலில் ஒட்டிக்கொண்டு பரவும். முயல்காதுக் கள்ளி என்று குழந்தைகளுக்கு வாங்கித்தரும் ஒபன்ஷியா மைக்ரோடாசிஸும் அதே பட்டியல். யாராவது அன்பாகத் துண்டு கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

உரம்?

கொஞ்சம் போதும். நம் கடைகளில் 3:1:5 என்று எழுதிய உரம் இருக்கும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அந்த விகிதத்தில். நீரில் கரையும் வகையை வாங்கி, பொட்டலத்தில் சொன்னதில் கால்வாசி பலத்தில், அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை மாதம் ஒரு தடவை. புல்வெளிக்குப் போடும் உரத்தைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். நைட்ரஜன் அதிகமானால் கொண்டை ஊதிப் பிளந்துவிடும்.

பூ வருமா?

அபூர்வமாக வரும். வசந்தத்தில், செப்டம்பர் வாக்கில், விளிம்புக்குச் சற்றுக் கீழே சின்னதாக வெளிர்மஞ்சள் பூ. என் செடி பன்னிரண்டு வருடத்தில் இரண்டு தடவை பூத்தது. பூவுக்காக வாங்குகிறவர்கள் சாதாரண மாமில்லேரியா வாங்கலாம்.

நாங்கள் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறோம். இதே முறைதானா?

குளிர்காலத்தில் உங்களுக்கு உறைபனி உண்டு, எங்களுக்குக் கடற்கரையில் கிடையாது. ஜூன், ஜூலையில் செடியை உள்ளே, வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை முழுக்க நிறுத்திவிடுங்கள். காய்ந்த செடி குளிரைத் தாங்கும், நனைந்த செடி தாங்காது. கோடையில் ஆலங்கட்டி மழை இன்னொரு தொல்லை, கூரை கட்டாயம். மற்றபடி உங்கள் காய்ந்த காற்று எங்களுடையதைவிட இதற்கு ஏற்றது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர்களும் இதையே பின்பற்றலாம். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில் பெய்வதால், அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை செடி ஒரு துளி மழைகூடப் படாத இடத்தில் இருக்க வேண்டும்.

குரங்குத் தொல்லைக்கு என்ன வழி?

வழி இல்லை. முள் இருப்பதால் தின்னாது, ஆனால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். சட்டிமேல் கம்பி வலை போட்டிருக்கிறேன். நத்தைதான் உண்மையிலேயே தின்னும் பிராணி. இரவில் வந்து புது விளிம்பைச் சுரண்டிவிடும். மழைக்கால இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குங்கள்.

முள் செடி வீட்டில் வைக்கக் கூடாது என்று ஆயா சொல்கிறார்.

என் ஆயாவும் சொன்னார். அதே ஆயாதான் வாசலில் கண்திருஷ்டிக்குக் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார், அதற்கும் முள் இருக்கிறது. நான் வாதாடவில்லை. "இது உள்ளே இல்லை ஆயா, வராந்தாவில்தான்" என்றேன். அடுத்த காவடிக்குள் அவரே அதற்குச் சேவற்கொண்டை என்று பேர் வைத்து, முருகன் செடி என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

சென்னையில் அழகான கொண்டைக் கள்ளி பார்த்தேன். பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாமா?

வேண்டாம். செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவரநலச் சான்றிதழும் வேண்டும். அதோடு காக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) கீழ் வருகிறது. இதில் ஒரு வேடிக்கை: நர்சரியில் வளர்த்து இலைக்கள்ளிமேல் ஒட்டிய யூஃபோர்பியா லாக்டியா கொண்டைக்குச் சைட்டிஸில் விலக்கு உண்டு. ஆனால் சைட்டிஸ் விட்டாலும் தாவரநல விதி விடாது. விமான நிலையத்தில் பிடுங்கி அழித்துவிடுவார்கள். அதேபோல் இங்கே காட்டில் கொண்டை விழுந்த யூஃபோர்பியாவைப் பார்த்தால் புகைப்படம் மட்டும் எடுங்கள். நமாக்குவாலாந்தில் கோனோபைட்டம் என்னும் சின்னச் சதைச்செடிகளைத் திருடித் திருடி மலையையே மொட்டையாக்கியவர்களும் "ஒரே ஒரு செடிதானே" என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள்.

உங்கள் செடியில் ஒரு துண்டு தருவீர்களா?

தருவேன். தீபாவளிக்கு அப்புறம் வாருங்கள். பிளாஸ்டிக் பை கொண்டுவராதீர்கள், வியர்த்துவிடும். செய்தித்தாள் போதும். வீட்டுக்குப் போனதும் நடத் தோன்றும், தண்ணீர் விடத் தோன்றும். இரண்டையும் செய்யாமல், தாளைப் பிரித்து ஒரு அலமாரி மேல் இரண்டு வாரம் வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள்.